மலைக் கல்லூரியில் ஜெர்மன்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரிக் கல்லூரிகளில் ஜெர்மன் சொல்லித்தர வருபவர்கள் செய்கிற பெரிய தவறு, எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாக விளக்குவது. ஊட்டிக் குளிரில் நடுங்கும் மாணவர் ‘இஹ் பின் கால்ட்’ என்பார். ஆங்கில வாக்கியத்தை அப்படியே பெயர்த்தது அது. ஜெர்மன்காரர் காதில் ‘நான் ஈவிரக்கம் இல்லாத ஆள்’ என்பதுபோல விழும். சொல்ல வேண்டியது ‘மியர் இஸ்ட் கால்ட்’. ‘மியர்’ என்றால் எனக்கு. வீட்டில் ‘எனக்குக் குளிருது’ என்று சொல்கிற பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம்? ‘இஹ் ஹெல்ஃபெ டியர்’ என்பதும் அப்படித்தான்: உனக்கு உதவுகிறேன். பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமையை நினைவுபடுத்தினாலே அதற்கு இணையான ஜெர்மன் வேற்றுமையான டாட்டிவ் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்கு உழைக்கத்தான் வேண்டும். ‘அவனிடம் கேட்டேன்’ என்கிறோம் நாம்; ஜெர்மனில் ‘ஃப்ராகென்’ (கேட்பது) என்ற வினை இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும்.

வாக்கிய அமைப்பிலும் இதே கதை. ‘வைல் டெர் புஸ் நிஹ்ட் கொம்ட்’: பஸ் வராததால். காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினை தமிழில் போலவே கடைசியில் வந்து நிற்கிறது. அதற்காக எல்லா இடத்திலும் வினையைக் கடைசியில் போட விட்டுவிடாதீர்கள். முதன்மை வாக்கியத்தில் அதற்கு இரண்டாம் இடம்தான்: ‘ஹொய்ட்டெ ஃபாரெ இஹ் நாஹ் குன்னூர்’, அதாவது இன்று நான் குன்னூர் போகிறேன். ‘இன்று’ முன்னால் வந்தால் ‘நான்’ வினைக்குப் பின்னால் போகும். ஆங்கிலப் பழக்கம் இங்கேயும் காலை வாரும்.

பலகையில் ‘நேபெல்’ என்று மட்டும் எழுதிவிட்டு, ஆர்ட்டிகிளை (சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் ‘டெர்’, ‘டீ’, ‘டாஸ்’) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது சோம்பேறித்தனம். மூடுபனி எப்போதும் ஆண்பால் ‘டெர் நேபெல்’தான். சொல்லின் பாலை அதன் பொருளில் தேடவும் கூடாது. சிறுமியே ‘டாஸ் மேட்ஷென்’. ‘ஷென்’ விகுதி வந்தால் அஃறிணை போலத்தான்.

பாடநூலில் வரும் பெர்லின் சுரங்க ரயிலோடு நின்றுவிடாதீர்கள். நம்ம மலை ரயில் இருக்கிறதே! 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுகிறது. அந்தப் பாதைக்கென்று வாங்கிய பழைய நீராவி எஞ்சின்கள் ஜெர்மன் பேசும் சுவிஸ் நகரமான வின்டர்தூரில் செய்யப்பட்டவை. ‘ட்சான்’ பல், ‘ராட்’ சக்கரம், ‘பான்’ ரயில்பாதை, சேர்த்தால் ‘ட்சான்ராட்பான்’. கடைசிச் சொல் ‘டீ பான்’ என்பதால் முழுச் சொல்லுக்கும் ‘டீ’. கூட்டுச்சொல் விதியை இதைவிடச் சுலபமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உச்சரிப்பைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளுவதும் தவறு. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் வருகிற ஜெர்மன் உயிரொலி, இந்த மலையின் தோடர் மொழியிலேயே உண்டு. தமிழில் இல்லாததால் மாணவர்கள் அதை வெறும் ‘ஊ’ ஆக்கிவிடுகிறார்கள். ‘ப்ரூடர்’ என்பதில் அந்த ஒலி வந்தால் சகோதரர்கள். வராவிட்டால் ஒரே ஒரு சகோதரன்.