விடுதியிலிருந்து விடுதிக்கு: ஆல்ப்ஸில் ஐந்து நாள், நான்கு கணவாய்கள்

கூடாரமும் அடுப்பும் சுமக்காமல் உயர்ந்த மலைகளை நடந்தே கடக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலையில் ஒரு பள்ளத்தாக்கில் புறப்பட்டு, கணவாய் ஏறி இறங்கி, மாலையில் அடுத்த பள்ளத்தாக்கின் விடுதியில் வெந்நீரில் குளித்துவிட்டு மெத்தையில் படுக்கலாம். முதல் முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் இடம் சுவிட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாண்ட் என்ற மலைப்பகுதி. லீக்டன்ஸ்டைன் நாட்டின் வடூஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் மான்ட்ரே வரை 390 கிலோமீட்டர் நீளும் வியா ஆல்பினா நெடும்பாதை, 14 கணவாய்களை 20 கட்டங்களில் கடக்கிறது. அதன் நடுப்பகுதியில் மைரிங்கன் முதல் காண்டர்ஷ்டெக் வரை ஐந்து நாள் நடையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மாற்று வழி, பிறகு முன்பதிவு

ஐந்து இரவுக்கும் அறை எடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. நான்காம் நாள் காலை மலை முழுவதும் மேகம். 'அறை வீணாகிவிடுமே' என்ற எண்ணத்தில் ஏறத் தொடங்குவோம். இந்த வகை நடையில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். அதனால், எந்த அறையையும் பதிவு செய்வதற்கு முன், ஒவ்வொரு கணவாய்க்கும் நேராக ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஏறாமலே மறுபக்கம் எப்படிப் போவது?

இந்தப் பாதையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணமே இந்தக் கேள்விக்கு நான்கு கணவாய்களிலும் பதில் இருப்பதுதான். குரோசே ஷைடெக் (1,962 மீ) மீது கோடையில் பஸ் ஓடுகிறது. கிளைனே ஷைடெக்கில் (2,061 மீ) ரயில் நிலையமே இருக்கிறது. செஃபினன்ஃபுர்கே (2,612 மீ), ஹோத்யூர்லி (2,778 மீ) இரண்டையும் ரயிலும் பஸ்ஸும் மாறிச் சுற்றிப் போய்விடலாம்.

செஃபினன்ஃபுர்கே ஏறுவதற்கு முன் தங்கும் ஊரான மியூரனில் ஒரு காலை, சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. லௌட்டர்புருனனுக்கு இறங்கி, இன்டர்லாக்கன், ஷ்பீட்ஸ் வழியாக ரயில் மாறி, ரைஹன்பாகில் பஸ் பிடித்தேன். கணவாயின் மறுபக்கத்திலுள்ள கிரீசால்ப்புக்கு ஏறும் அந்த மலைச்சாலை சில இடங்களில் 28 சதவீதச் சரிவு. சாலையை ஒட்டி அருவி நீர் சீறிக்கொண்டு விழுகிறது. அன்று நடக்காமல் போனதற்கு நான் வருந்தியதே இல்லை.

எந்த மாதம்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. அதற்கு முன் போனால் உயரமான இரண்டு கணவாய்களிலும் பழைய பனி கிடக்கும் வாய்ப்பு அதிகம். இறுகிய பனிச்சரிவில் வழுக்கினால் நிற்க முடியாது. புதியவர்கள் ஜூனைத் தொடவே வேண்டாம்.

நாள் கணக்கு

முதல் நாள் மைரிங்கனிலிருந்து கிரிண்டல்வால்ட். முழுவதும் நடந்தால் ஏறக்குறைய 1,370 மீட்டர் ஏற்றம். முதல் நாளுக்கு அது அதிகம்; ஷ்வார்ஸ்வால்டால்ப் வரை பஸ்ஸில் போய்விட்டால் மிச்சம் 500 மீட்டர்தான். இரண்டாம் நாள் கிளைனே ஷைடெக் வழியாக லௌட்டர்புருனன். 1938-இல்தான் முதன்முறையாக ஏறி முடிக்கப்பட்ட ஐகர் மலையின் வடமுகம், அன்று பாதி நாள் தலைக்கு மேல் நிற்கும். இறக்கத்தில் முழங்கால் வலித்தால் வெங்கனில் ரயில் ஏறிவிடுங்கள். மூன்றாம் நாள் மியூரன் வரை மட்டும். வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன், ஏனென்றால் அடுத்த இரண்டு நாளும் கடினமானவை. நான்காம் நாள் செஃபினன்ஃபுர்கே தாண்டி கிரீசால்ப். ஐந்தாம் நாள் ஹோத்யூர்லி தாண்டி காண்டர்ஷ்டெக்.

நேரத்தை நீங்களே கணக்கிடப் பழகுங்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். ஐந்தாம் நாளுக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 15 கிலோமீட்டருக்கு 3 மணி, 1,370 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். 'ஐந்தரை மணிதானே' என்று நினைத்துவிடாதீர்கள். மறுபக்கம் 1,600 மீட்டர் இறக்கம் இந்தக் கணக்கில் இல்லை, ஓய்வும் இல்லை. புதியவர்கள் 9 மணி நேரம் வைத்துக்கொள்வதே சரி. வழியிலுள்ள மஞ்சள் பலகைகளும் தூரத்தை அல்ல, நேரத்தைத்தான் காட்டும். அதிலும் ஓய்வு சேராது.

அறை

கிரீசால்ப்பில் விடுதிகள் மிகக் குறைவு. அங்கே எந்தத் தேதி கிடைக்கிறதோ அதை முதலில் பிடித்து, மற்ற இரவுகளை அதற்கு முன்னும் பின்னும் பொருத்துங்கள். இரவு உணவும் காலை உணவும் சேர்ந்த அறையாக எடுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். எவ்வளவு நேரம் முன்பு சொன்னால் அறையை இழப்பின்றி விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பை

பெரிய பெட்டியை ரயில்வேயின் சாமான் சேவையில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, முதுகில் 6, 7 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு செட் உடை, மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, ஆகஸ்டாக இருந்தாலும் கையுறையும் குல்லாவும், இரண்டு ஊன்றுகோல், இரண்டு லிட்டர் தண்ணீர். காலணி புதிதாக இருக்கவே கூடாது.

கொப்புளம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குதிகாலில் லேசான சூடு தோன்றிய அந்த நிமிடமே நில்லுங்கள். காலுறையைக் கழற்றுங்கள். ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, தோலை ஈரம் போகத் துடைத்து, சுருக்கம் விழாமல் பிளாஸ்திரியை இழுத்து ஒட்டுங்கள். காலுறையின் தையலைத் தடவிப் பார்த்து, உறுத்தும் இடத்தைத் திருப்பிப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. 'அடுத்த வளைவில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் மீதி மூன்று நாளும் நொண்ட வேண்டும்.

கணவாய் நாளில்

முந்தைய மாலையே சுவிட்சர்லாந்து வானிலைத் துறையான மெட்டியோசுவிஸின் செயலியில் வானிலை பாருங்கள். இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஏழு மணிக்குள் புறப்பட்டு, நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டிவிடுங்கள். பாறைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் அது உங்கள் பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை இருந்தால் அது மலையேறிகளுக்கானது, திரும்பிவிடுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிப் போங்கள். ஆபத்தென்றால் மலை மீட்புக்கு 1414, பொது உதவிக்கு 112. தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதியோ விளக்குக் காட்டியோ, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் தொடருங்கள்.

ஹோத்யூர்லியின் கடைசிப் பகுதி உதிர்கல் சரிவு. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். செங்குத்தான இடங்களில் மரப்படிகளும் பிடித்து ஏறக் கம்பிவடமும் இருக்கின்றன. படிகளை எண்ணாதீர்கள், மூச்சை எண்ணுங்கள். மேலே காலை வைத்ததும் ப்ளூம்லிசால்ப் பனிமலை திடீரென்று எதிரே நிற்கும். சற்று மேலே 2,840 மீட்டரில் உள்ள மலைக்குடிலில் சூடான சூப் குடித்துவிட்டு இறங்குங்கள்.

இறக்கத்தில் முதலில் சாம்பல் நிறக் கல், பிறகு புல், அதன் பிறகு வெகு கீழே ஓஷினன் ஏரியின் பச்சைநீலம். ஏரிக்கு அருகிலிருந்து காண்டர்ஷ்டெக்குக்குக் கேபிள் கார் உண்டு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முந்தைய இரவே குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால், களைத்த கால்களோடு இன்னும் 400 மீட்டர் இறங்க வேண்டியிருக்கும்.