குளச்சலுக்கு ஜாதகம் எழுதுவது எப்படி

குழந்தை பிறந்தால் நாழிகையைக் குறித்துவைக்க வீட்டில் ஒருவராவது இருப்பார். ஊருக்கு அப்படி யாரும் இருப்பதில்லை. துறைமுக ஊர் என்றால் கேட்கவே வேண்டாம், முதல் வள்ளம் எந்த விடியலில் கரையேறியது என்பது கடலுக்கே நினைவிருக்காது. ஆகவே ஊர் ஜாதகம் எழுத உட்காருகிறவர் கட்டம் போடுவதற்கு முன்பு, எந்தக் கணத்தை அந்த ஊரின் பிறப்பாகக் கொள்ளப் போகிறோம் என்பதை முடிவு செய்து, அந்த முடிவுக்கான காரணத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கிரகங்கள் எங்கே நின்றன என்பதைப் பஞ்சாங்கமோ கணினியோ சொல்லிவிடும். எந்த நாளைக் கேட்பது என்பதுதான் நம் வேலை, முக்கால்வாசி ஜோதிடமும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊரான குளச்சலை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். அந்த ஊருக்குத் தோற்ற நாள் என்று ஆவணம் ஏதும் இல்லை என்றாலும், நாள் தெரிந்த இரண்டு கணங்கள் கைக்குக் கிடைக்கின்றன. ஒன்று, மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கம்பெனியின் படையைக் குளச்சலில் முறியடித்த 1741-ஆம் ஆண்டு. மற்றொன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவான 1956 நவம்பர் 1. முன்னது ஊருக்கே உரியது, ஆனால் மணி தெரியாது. பின்னது மாவட்டத்துக்குப் பொதுவானது, ஆனால் சட்டப்படி நள்ளிரவில் தொடங்கிய நாள் என்பதால் லக்னம் (அந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) வரை கணிக்க முடியும். மணி தெரிந்ததைத் தாய் ஜாதகமாகவும் மணி தெரியாததைத் துணை ஜாதகமாகவும் வைத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ராசி மாறுகிறது. மணி தெரியாத நாளுக்கு லக்னம் எழுதுவது கற்பனையாகவே முடியும்.

மணி தெரியாத நாளையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளச்சல் போருக்கு நூல்களில் ஆகஸ்ட் 10 என்றும் ஜூலை 31 என்றும் இரண்டு தேதிகள் காணப்படும். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் பழைய ஜூலியன் கணக்கையும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், புதிய கிரிகோரியன் கணக்கையும் பின்பற்றினார்கள்; இரண்டுக்கும் 11 நாள் இடைவெளி. பல ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கவனிக்காமல், ஜூலை 31 என்பதை அப்படியே கணினியில் உள்ளிட்டு, சந்திரன் கும்ப ராசியின் இறுதியில் நிற்பதாக எடுத்து, கும்பத்துக்கு உரிய குணங்களையெல்லாம் குளச்சல் மேல் ஏற்றி இருபது பக்கம் எழுதினேன். தக்கலைப் பக்கம் கவடி நிரத்தி, அதாவது சோழிகளைப் பரப்பி, பலன் சொல்லும் முதியவர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. “மக்களே, இது வெள்ளைக்காரன் கணக்கா, லந்தக்காரன் கணக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நோட்டை மூடித் திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் கணித்தேன். கிரிகோரியன் ஆகஸ்ட் 10 என்று கொண்டால் அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 916, கர்க்கடக (ஆடி) மாதத்தின் கடைசி நாட்கள். சூரியனும் சந்திரனும் இருவரும் கடக ராசியில், சந்திரன் பூசத்தில், ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள். ஆனால் ஜூலை 31 உண்மையிலேயே பழைய கணக்குத் தேதி என்றால், 11 நாளைக் கூட்டும்போது ஆகஸ்ட் 11 அல்லவா வர வேண்டும்? அப்போது நாள் அமாவாசையாகவும் நட்சத்திரம் ஆயில்யமாகவும் மாறிவிடும். இரண்டு கணக்கிலும் மாறாமல் நிற்பது கடக ராசி ஒன்றுதான். ஆகவே கடகம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நட்சத்திரத்தை எழுதாமல் விட்டேன். சந்தேகமான நாளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எது மாறவில்லையோ அதை மட்டும் வைத்துக்கொள்வது எந்த ஊருக்கும் பொருந்தும். பழைய ஆவணத்தில் மணி குறிக்கப்பட்டிருந்தாலும் அது அந்த ஊரின் சூரிய மணி என்பதை மறந்துவிடக் கூடாது. குளச்சலின் உள்ளூர் நேரம் இந்திய நேரத்தைவிடச் சுமார் 21 நிமிடம் பின்தங்கியது.

இனி தாய் ஜாதகத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1, நள்ளிரவு 12 மணி. துர்முகி வருடம் ஐப்பசி மாதம், நம் பக்கத்துக் கணக்கில் கொல்லம் 1132 துலாம். திருக்கணிதப்படி (வானியல் கணக்குப்படி), ராசிகளின் தொடக்கத்தை நிர்ணயிக்கும் அளவுகளுள் ஒன்றான லாகிரி அயனாம்சத்தில் போட்டால் கடக லக்னம் அமைகிறது. சூரியன் நான்காம் இடமான துலாத்தில் நீசம், அதாவது வலுவிழந்த நிலை. சனியும் ராகுவும் ஐந்தாம் இடமான விருச்சிகத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். சந்திரன் மூன்றாம் இடமான கன்னியில், அஸ்தம் நான்காம் பாதத்தில், அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தைய தேய்பிறையாக நிற்கிறான். கன்னியாகுமரிக்குக் கன்னி ராசியா என்று உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. போதாததற்கு, வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் தேசங்களைத் திசைவாரியாகப் பிரித்துக் காட்டும் கூர்ம சக்கரத்தில் தென்திசைக்குத் தந்திருப்பது உத்திரம், அஸ்தம், சித்திரை ஆகிய மூன்று நட்சத்திரங்களை, அதாவது பெரும்பாலும் கன்னி ராசியை. இப்படி அழகாகப் பொருந்துவதைக் கண்டால் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதன் மேல் பலனைக் கட்டக் கூடாது. பெயர்ப் பொருத்தத்தில் மயங்கிய ஜோதிடனுக்கு மற்ற கட்டங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய வாய்பாடுகளால் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். அண்மையில் சனி மீனத்துக்குப் பெயர்ந்ததைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றும் வாக்கியம் 2026 மார்ச் 6 என்றும் சொல்லின; கிட்டத்தட்ட ஓராண்டு வேறுபாடு. வசதிப்பட்ட இடத்தில் வசதிப்பட்ட பஞ்சாங்கத்தை எடுத்தால் எந்தச் சம்பவத்தையும் எந்தக் கிரகத்தின் தலையிலும் கட்டிவிடலாம்.

குணத்தை வாசிக்கும்போது பாவங்களுக்கு, அதாவது லக்னத்திலிருந்து எண்ணும் பன்னிரண்டு வீடுகளுக்கு, மனித ஜாதகத்தின் பொருளை அப்படியே எடுக்காமல், ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். லக்னம் குடிமக்கள், நான்கு நிலமும் வீடும், ஏழு வெளியாரும் வாணிபமும் போரும், எட்டு திடீர் இழப்பு, ஒன்பது நெடும் பயணம், பத்து ஆட்சி, பன்னிரண்டு அயல்நாடும் விரயமும். துறைமுக ஊருக்கு ஏழாம் இடமே உயிர்நாடி, ஏனென்றால் அந்த ஊர் வாழ்வது வந்துபோகிறவர்களால். கடக லக்னத்துக்கு ஏழாம் வீடான மகரமும் எட்டாம் வீடான கும்பமும் சனிக்கே உரியவை. வெளியிலிருந்து வருவதும் ஆபத்தும் ஒரே கையால் பரிமாறப்படும் ஊர் என்று இதை வாசிப்பார்கள். 1741-இல் பகைவனாக வந்து சரணடைந்த டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று பெயர் பெற்று, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானதை நினைத்துப் பார்த்தால், இந்த ஏழாம் இடத்தின் இரட்டைக் குணம் விளங்கும். 2016-இல் பக்கத்து இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது, வாணிபம் என்று சிலரும் வாழ்வாதார இழப்பு என்று கடற்கரை மக்களும் அதையே இரு வேறு பெயரிட்டு அழைத்ததும் இதே வீட்டு விவகாரம்தான்.

ராசிக் குணத்தைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கடகம் என்றால் சஞ்சல மனம், தாய்ப்பாசம் என்று எழுதுவதைவிட, கர்க்கடக மாதத்தில் ஒரு காலை குளச்சல் கடற்கரையில் போய் நிற்பது மேல். கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும். மேற்குக் கடற்கரைக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கிழக்கே சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடுவதால், ஒரே மாவட்டத்தின் ஒரு கரையில் படகு கடலுக்குப் போக, மறு கரையில் ஓய்ந்து கிடக்கும். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும், எங்கோ தெற்கே பெருங்கடலில் எழுந்த அலை வந்து வீட்டு வாசலை நனைக்கும். அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பதற்கு இங்கே விலை கொடுக்கும் இந்த இயல்பை நேரில் கண்டவருக்கு, எட்டாம் அதிபதியான சனியைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சோதனை. வருங்காலத்தைத் தொடுவதற்கு முன்பு, நடந்து முடிந்தவற்றை ஜாதகம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்தம் நான்காம் பாதம் என்பதால் பிறப்பில் சந்திர தசை (சந்திரன் ஆளும் காலம்), ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருப்பு, அதாவது மீதி. பிறகு செவ்வாய், ராகு, குரு என்று கூட்டிக்கொண்டே வந்தால் சனி தசை 1999-இன் பிற்பகுதியில் தொடங்கி 2018-இன் பிற்பகுதியில் முடிகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலும் இதற்குள் வருகின்றன. முன்னதில் கோசாரச் சனி (அன்று வானில் நின்ற சனி) கடகத்தில், லக்னத்தின் மேலேயே. பின்னதில் கோசார ராகு அதே கடகத்தில். பார்த்ததும் மயிர்க்கூச்செறியும். ஆனால் இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு நிற்கிறான், ராகு ஒன்றரை ஆண்டு. சனி 1970-களின் நடுவிலும் ராகு 1999-ஐ ஒட்டியும் இதே கடகத்தைக் கடந்து போயிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களையும் நூலகத்தில் புரட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்பதோடு எதுவும் நடக்காமல் போனதையும் எழுதிய பிறகே ‘பொருந்துகிறது’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அலை வந்து போன பிறகு கட்டத்தில் காரணம் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது. கடலுக்குப் போகிறவர் கேட்க வேண்டியது வானிலை எச்சரிக்கையை, நம் கட்டத்தை அல்ல.

ஆண்டுப் பலன் வேண்டுமானால், சூரியன் மேடத்தில் புகும் கணத்துக்கு, விஷுவை ஒட்டி, குளச்சலின் அட்சரேகை தீர்க்கரேகைக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு அதைத் தாய் ஜாதகத்தோடு ஒப்பிடலாம். நம் மாவட்டக் கோயில்களில் பழக்கமான பிரசன்ன முறையிலும் கேட்கலாம். ஆனால் அது கேட்கும் நேரத்துக்கான விடை, ஊரின் ஜாதகம் ஆகாது.

இப்போது நடப்பது புதன் தசை, 2035 வரை ஓடும். கடக லக்னத்துக்குப் புதன் மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உடையவன். செய்தித்தொடர்பு, குறும்பயணம், அயல்நாட்டு வாசம், விரயம் ஆகியவை அவன் துறைகள். வளைகுடாக் கடலில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களை நினைத்து, இந்தத் தசையில் அந்தப் போக்குவரத்து எப்படி மாறும் என்று என் நோட்டில் ஐந்து வரி எழுதியிருக்கிறேன். பலன் எழுதும்போது ‘கடலில் மாற்றம் வரும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆண்டுக்குள், எந்தக் கரையில், என்ன என்று எழுதி, எழுதிய தேதியையும் பயன்படுத்திய பஞ்சாங்கத்தையும் கீழே குறித்து, எதிர்ப்பக்கத்தை வெற்றாக விட்டுவையுங்கள். என்னுடைய எதிர்ப்பக்கம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது.