பாடத்தளத்தில் ஊடாடும் கருவிகளைச் சேர்க்கும் முறை

இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் கற்றல் மேலாண்மை அமைப்பில் காணொளியையும் சில கோப்புகளையும் ஏற்றிவைத்தால் மட்டும் அது பாடமாகிவிடாது. மாணவர் பதில் சொல்லவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் அதில் இடம் வேண்டும். அதற்கான கூடுதல் கருவிகள் பல இருக்கின்றன என்றாலும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் தோற்றத்தைவிட, மாணவர் அதில் பெறும் மதிப்பெண் தளத்தின் மதிப்பெண் ஏட்டுக்கு வந்து சேருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

வெளித்தளக் கருவியைப் பக்கத்துக்குள் காட்டும் உட்பொதிவுக் குறியீட்டை (embed code) நகலெடுத்துப் பாடப் பக்கத்தில் ஒட்டுவதுதான் எளிய வழி. கருவி அழகாகத் தெரியும், வேலையும் செய்யும்; ஆனால் யார் என்ன பதில் அளித்தார் என்பது பொதுவாகத் தளத்துக்குத் தெரியாது. வெறும் பயிற்சிக்கு இது போதும். மதிப்பெண் தேவையென்றால், தளத்திலேயே நிறுவப்படும் செருகுநிரலையோ (கூடுதல் மென்பொருள்), வெளிக்கருவிகளைத் தளத்தோடு இணைக்கும் எல்.டி.ஐ. (LTI) என்னும் பொதுத்தரத்தின் வழியான இணைப்பையோதான் நாட வேண்டும்.

தளத்திலேயே இயங்கும் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஊடாடும் பாட ஆக்கங்களை உருவாக்க உதவும் எச்5பி (H5P). மூடுல் (Moodle) என்னும் கற்றல் மேலாண்மை அமைப்பின் 3.9 பதிப்பு முதல் இதற்கெனத் தனிச் செயற்பாடும், ஆக்கங்களைச் சேமிக்கும் உள்ளடக்க வங்கியும் அத்தளத்திலேயே இருக்கின்றன. வங்கியைத் திறந்து, ஊடாடும் காணொளி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, காணொளியை ஏற்றுங்கள் அல்லது யூடியூப் முகவரியைக் கொடுங்கள். கோப்பு பெரியதாக இருந்தால் பின்னதே நல்லது. பிறகு கேள்வி எழ வேண்டிய நொடியில் காணொளியை நிறுத்தி, அங்கே கேள்வியைச் செருகி, அது தோன்றும்போது காணொளி தானாக நிற்குமாறு குறியிடுங்கள். தவறான விடை தந்தவரைக் காணொளியின் முந்தைய பகுதிக்கே திருப்பி அனுப்பும் அமைப்பும் உண்டு. முழு மதிப்பெண் பெறாமல் நகரவே முடியாதபடி பூட்டும் அமைப்பைவிட இதுவே பாடம் நடத்துவதற்கு நெருக்கமானது என்பது என் கருத்து. பூட்டிவைத்தால் மாணவர் யோசிப்பதை விட்டுவிட்டு எல்லா விடைகளையும் வரிசையாக அழுத்திப் பார்ப்பார்.

இறுதியில் வரும் சமர்ப்பிப்புத் திரையை நீக்கிவிடாதீர்கள்; மதிப்பெண் பதிவாவதற்கு அதுவே உறுதியான இடம். அடுத்து, பாடத்தில் எச்5பி செயற்பாட்டைச் சேர்த்து, வங்கியிலுள்ள கோப்பை நகலாக அல்லாமல் இணைப்பாகத் தேர்ந்தெடுத்தால், பின்னாளில் வங்கியில் செய்யும் திருத்தம் பாடத்திலும் தெரியும். முயற்சிகளைப் பதிவு செய்யும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்து, முதல் முயற்சி, கடைசி முயற்சி, மிக உயர்ந்தது, சராசரி ஆகியவற்றுள் எதை மதிப்பெண்ணாகக் கொள்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒன்றை மறந்துவிடக் கூடாது: எச்5பி விடைகளை மாணவரின் உலாவியிலேயே சரிபார்க்கிறது. ஆகவே விவரம் தெரிந்தவர் விடையைத் தோண்டி எடுத்துவிடலாம். இறுதித் தேர்வுக்குத் தளத்தின் வினாடிவினாப் பகுதியே பொருத்தம்.

வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில் இயங்கும் கருவியாக இருந்தால் எல்.டி.ஐ. தேவைப்படும். இத்தரத்தின், 2019இல் வெளிவந்த 1.3 பதிப்பைக் கருவி ஆதரிக்கிறதா என்று கேளுங்கள். பழைய பதிப்புகளின் பகிர்ந்த இரகசியச் சொல்லுக்குப் பதிலாக, இதில் பாதுகாப்பு மிகுந்த மின்னணுச் சாவி இணைகள் (பொதுச் சாவியும் தனிச் சாவியும்) பயன்படுகின்றன. கருவிக்குத் தரப்படும் அடையாளக் குறி (client ID), சாவி முகவரி, உள்நுழைவு முகவரி போன்றவற்றை இரு தளங்களிலும் பதிய வேண்டியிருப்பதால், பெரும்பாலும் இது நிர்வாகியின் வேலை. மாணவரின் பெயரும் மின்னஞ்சலும் வெளிச்சேவைக்குப் போக வேண்டுமா என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். தேவையில்லையென்றால் அனுப்பாமலிருக்க மூடுலில் வழி உண்டு.

எந்த வழியில் சேர்த்தாலும், ஆசிரியர் கணக்கில் பார்த்துவிட்டு நிறைவடையாமல், தனியாக ஒரு சோதனை மாணவர் கணக்கை உருவாக்கிக் கைபேசியிலும் திறந்து பாருங்கள். ஒருமுறை வேண்டுமென்றே தவறாக விடையளியுங்கள். ஒருமுறை பாதியில் மூடிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏட்டில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். மாணவர்கள் முயன்ற பிறகு கேள்வியையே மாற்ற நேர்ந்தால், பழைய மதிப்பெண்ணோடு புதியதைக் கலக்காமல், புதிய செயற்பாடாகவே அதைச் சேர்த்துவிடுங்கள்.