உயிரியல் பூங்கா யானை அடைப்புக்கு மின்வேலி: முதல்முறை போடுபவர்களுக்கு

மின்வேலிக்கு உயிர் கொடுக்கும் பெட்டியை எனர்ஜைசர் என்போம். பக்கத்தில் போய் நின்றால், சுமார் நொடிக்கு ஒருமுறை 'டக்... டக்...' என்று கேட்கும். ஒவ்வொரு 'டக்'கிலும் 6,000 முதல் 9,000 வோல்ட் வரை கம்பியில் ஓடி, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த 'டக்' வரும்வரை இருக்கும் இடைவெளியில்தான் விலங்கு பின்வாங்கித் தப்பிக்கிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் அதில் இடைவெளியே இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது, மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்த சட்டவிரோத வேலியில். எனவே லைன் கரண்டைக் கம்பியில் நேரடியாகக் கொடுக்கும் பேச்சுக்கே இங்கு இடமில்லை.

1. முதலில் சுவர், அப்புறம்தான் வேலி

உயிரியல் பூங்காவில் மின்வேலி இரண்டாவது தடுப்புதான். அகழியோ, கான்கிரீட் சுவரோ, தடித்த இரும்புத் தூண்களோ முதலில் இருக்க வேண்டும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்த இரவில் வெறும் கம்பியை நம்ப முடியாது. சுவரை முட்டாமல், அகழி விளிம்புக்குப் போகாமல், உள்ளே இருக்கும் மரத்தின் பட்டையை உரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலியின் வேலை. அதனால் கம்பி தடுப்புக்கு உள்பக்கம், விலங்கு இருக்கும் பக்கம் வரும். எவ்வளவு தள்ளி என்பதை முடிவு செய்யும்போது தும்பிக்கையின் நீளத்தை மறந்துவிடாதீர்கள்.

2. எனர்ஜைசர்

கடையில் வோல்ட் கணக்கைச் சொல்லித்தான் விற்பார்கள். நீங்கள் ஜூல் (ஒரு 'டக்'கில் போகும் ஆற்றல்) எவ்வளவு என்று கேளுங்கள். அடியின் வலு அதில்தான் தெரியும். மின்வேலிப் பெட்டிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60335-2-76-க்கு உட்பட்டதா என்றும் பாருங்கள். ஒரு துடிப்பில் போகும் ஆற்றலுக்கு அந்தத் தரம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி பேக்கப் கட்டாயம். பெட்டி பராமரிப்பாளர் பக்கத்தில், பூட்டிய அறைக்குள் இருக்கட்டும்.

3. எர்த் (இங்கே அவசரப்படாதீர்கள்)

புதிதாகச் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். கம்பியைத் தொட்ட விலங்கின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கும் மின்சாரம், எர்த் ராடு (பெட்டியோடு இணைத்து மண்ணில் அடிக்கும் இரும்புக் கம்பி) வழியாகப் பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். திரும்பும் வழி சரியில்லை என்றால் அது வெறும் கம்பிதான்.

ஒரு மே மாதம், ஒரு பூங்காவிலிருந்து கூப்பிட்டார்கள். மீட்டரில் 7,000 வோல்ட் காட்டுகிறது, ஆனால் யானை கம்பி மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. மீட்டர் மேல் தப்பில்லை. யாரும் தொடாதவரை வோல்ட் அப்படியே நிற்கும், தொட்டதும் சரிந்துவிடும். தரையைச் சுரண்டிப் பார்த்தேன். ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. யானை குளிக்கும் தொட்டியின் கழிவுநீர் ஓடும் பக்கமாக ராடுகளை மாற்றினோம். கூடவே, மின் கம்பிகளுக்கு நடுவில் எர்த் ராடோடு இணைத்த கம்பி ஒன்றும் இழுத்தோம். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் அடிக்கும்.

குறைந்தது மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடுகள், ஒவ்வொன்றும் ஆறடி, மூன்று மீட்டர் இடைவெளியில். கட்டடத்தின் எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி அடியுங்கள். சோதிக்க, எர்த் ராடுகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, பெட்டியை அணைத்துவிட்டு, மின் கம்பிக்கும் தரைக்கும் நடுவே இரும்புக் கம்பிகளைச் சாய்த்து வையுங்கள். திரும்ப ஓடவிட்டால் வேலி 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இன்னும் சில கம்பிகள் சாயுங்கள். இப்போது எர்த் ராடில் அளந்தால் 300 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இன்னொரு ராடு அடியுங்கள்.

4. கம்பியும் தூணும்

2.5 மி.மீ. ஹை டென்சில் (இழுத்தால் எளிதில் அறாத) ஜி.ஐ. கம்பி போதும். முள்கம்பியில் மட்டும் மின்சாரம் விடாதீர்கள். சிக்கிய விலங்கால் விலக முடியாது. குட்டி இருந்தால் தாழ்வாக இன்னொரு வரிசை வேண்டும்.

தந்தத்தில் ஷாக் அடிக்காது என்று யானை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். அப்புறம் தந்தத்தால் கம்பியை நெம்பி அறுக்கும், இல்லாவிட்டால் தூணைத் தள்ளிச் சாய்க்கும். அதனால் தூணிலிருந்து உள்பக்கம் நீளும் கைகளில் கம்பியைக் கட்டி, தூணைக் கம்பிக்குப் பின்னால் வைக்கிறோம். காட்டோரங்களில் போடும் தொங்கும் சோலார் வேலியும் இதே யோசனைதான். தந்தத்துக்குப் பிடிமானம் கிடைக்காது, முகத்திலும் தும்பிக்கையிலும் கம்பி உரசும்.

கேட்டுக்கு அடியில் வீட்டு வயரைப் புதைக்காதீர்கள். அது இந்த வோல்ட்டைத் தாங்காது, மண்ணுக்குள்ளேயே கசியும். மின்வேலிக்கென்றே வரும் இரட்டை உறை கேபிள் வாங்குங்கள்.

5. விலங்குக்கு அறிமுகம்

கம்பியில் வெள்ளைத் துணிக் கீற்றுகள் கட்டி, கண்ணில் படும்படி செய்யுங்கள். தீனி தின்று அமைதியாக இருக்கும் நேரத்தில் தனியாகத் திறந்துவிடுங்கள். அடிபட்டால் பின்னால் ஓடும், அதற்கு வெட்டவெளி வேண்டும். பாகன் வேலிப் பக்கத்தில் நிற்கவே கூடாது, கம்பிப் பக்கமாகக் கூப்பிடவும் கூடாது. வலிக்கு அவர்தான் காரணம் என்று யானை நினைத்துவிட்டால், அப்புறம் நீங்கள் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஈரமான தும்பிக்கை நுனிதான் முதலில் தொடும், ஒரே தடவையில் புரிந்துவிடும். கரடி அப்படியில்லை. அடர்ந்த ரோமம் ஷாக்கைத் தடுத்துவிடும் என்பதால், மூக்கு உயரத்தில் கம்பி வைத்தால்தான் பலன்.

6. தினமும்

காலையில் தீனிக்கு முன்னால் வோல்ட் அளந்து நோட்டில் எழுதுங்கள். 4,000-க்குக் கீழே போனால் புல், சாய்ந்த கிளை, விரிசல் விட்ட இன்சுலேட்டர் (கம்பியைத் தாங்கும் மின்கடத்தாத் துண்டு) என்று தேடுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு சுற்று நடந்தால் கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும், கூடவே 'டிக் டிக்' சத்தமும். கம்பி மேல் காய்ந்த குச்சியோ கிளையோ கிடந்தால் காற்றின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். யானை போட்டுப் பார்த்திருக்கலாம்.

கம்பியில் கை வைக்கும் முன் பெட்டியை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.