ஓய்வு பெற்ற டிராம் வாங்கப் போகிறீர்களா? முதலில் கூரை, கடைசியில் டிராம்

பழைய டிராம் ஒன்றை வாங்குவது பெரிய வித்தையில்லை. புது வண்டிகள் வந்துவிட்டால் பழையவற்றை டிப்போவிலிருந்து எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டும் என்றுதான் போக்குவரத்துக் கழகங்கள் நினைக்கும். சில சமயம் விலை பெயருக்குத்தான் இருக்கும். மெல்பர்னின் டபிள்யூ வகை டிராம்களில் 130க்கும் மேற்பட்டவற்றைப் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் பொதுமக்களுக்கும் கொடுக்க 2018இல் விக்டோரியா மாநில அரசே விண்ணப்பம் கேட்டது. வாங்கிய மறுநாள் தொடங்குவதுதான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் 1948இல் சில ஆர்வலர்கள் சேர்ந்து 45 என்ற எண்ணுள்ள டிராமை வாங்கினார்கள். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. வண்டி இடம் இடமாக அலைந்தது. டெர்பிஷரில் கிரிச் என்ற ஊரின் கல்குவாரியில் நிரந்தர இடத்துக்கு வழி பிறந்தது 1959இல்தான். அந்த டிராம் பிழைத்துக்கொண்டது, இன்றும் கிரிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படி அலைந்த எல்லா வண்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதனால் இந்த விளக்கத்தில் டிராமைத் தேடுவதற்கு முன்பே கூரை வருகிறது.

படி 1: எதற்கு வாங்குகிறீர்கள்?

நிறுத்திவைத்துக் காட்டவா, உள்ளே உட்கார்ந்து படிக்கவோ காபி குடிக்கவோ ஓர் அறையாகவா, இல்லை ஓட்டவா? முதல் இரண்டும் தனி ஆளால் முடியும். ஓட்டுவதற்குத் தண்டவாளம், 600 வோல்ட் அளவில் நேர்மின்சாரம் (டிசி), மேலே கம்பி, பாதுகாப்பு அனுமதி எல்லாம் வேண்டும். ஓட்டியே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஏற்கெனவே தண்டவாளம் வைத்திருக்கும் டிராம் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேருங்கள். அங்கே இரண்டு வருடம் கையில் கிரீஸ் படிந்த பிறகு சொந்த டிராமைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: கூரையும் தரையும்

டிராமைக் கொல்வது வயசு இல்லை, தண்ணீர். அறுபது எழுபது வருடம் தெருவில் ஓடிய வண்டி, வெட்டவெளியில் ஐந்தாறு வருடம் சும்மா நின்றே உளுத்துப்போகும். ஓடும்போது ஒவ்வொரு இரவும் கொட்டகைக்குள் போனது, யாராவது ஒழுகலை அடைத்தார்கள், பெயின்ட் அடித்தார்கள். நிற்கும் வண்டிக்கு அந்தக் கவனிப்பு இல்லை.

தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை. வேண்டாம். தார்ப்பாய் வண்டியோடு ஒட்டிக் கிடந்தால் அடியில் வியர்க்கும். மழை நனைப்பதைவிட அந்த ஈரம் மோசம், ஏனென்றால் அது காயவே காயாது. காற்றில் படபடத்துப் பெயின்ட்டையும் உரசி எடுத்துவிடும். நாலு பக்கமும் திறந்த, தூண்கள் மேல் நிற்கும் தகரக் கூரை போதும். ஓரங்கள் டிராமின் பக்கவாட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கட்டும், சாரல் படக்கூடாது. சுவர் எழுப்பினால் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள்.

தரையை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெறும் மண்ணிலிருந்து எழும் ஈரம் அடிச்சட்டத்தைக் கீழேயிருந்து அரிக்கும். மண்மேல் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் ஜல்லி கொட்டி, ஸ்லீப்பர் கட்டைகள் வைத்து, டிராமைவிடச் சற்று நீளமாகத் தண்டவாளத் துண்டு போடுங்கள். தண்ணீர் ஓடிப்போகச் சரிவு இருக்கட்டும். புல் பூண்டு வண்டியைத் தொடவே கூடாது. மர உடல் டிராம் என்றால் கறையானுக்கும் இப்போதே வழி பார்த்துவிடுங்கள்.

படி 3: எந்த டிராம்?

அழகைப் பார்த்து மயங்காமல் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உதிரி பாகம். அமெரிக்காவின் பிசிசி வகை 1936 முதல் 1952 வரை வட அமெரிக்காவில் சுமார் 5,000 கட்டப்பட்டது. அந்த மாதிரிப் பெருங்கூட்டத்தில் ஒன்றை எடுத்தால் பாகம் கிடைக்கும், கேட்டால் சொல்ல ஆளும் கிடைப்பார்கள். நாலே நாலு கட்டிய அபூர்வ வகை காகிதத்தில் கவர்ச்சியாக இருக்கும். ஒரு கதவு மோட்டார் போனால் அதை நீங்களேதான் வார்த்தெடுக்க வேண்டும். 1970களுக்குப் பிறகு வந்த எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு வண்டிகளில் வேறு தொல்லை: மரம் உளுத்தால் தச்சர் போதும், கைவிடப்பட்ட சர்க்யூட் போர்டுக்கு யாரிடம் போவது?

இரண்டாவது, தண்டவாள அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள தூரம். பொதுவான அளவு 1,435 மில்லிமீட்டர். டொரான்டோவில் 1,495, பிட்ஸ்பர்க்கில் 1,588, லிஸ்பனில் 900. சும்மா நிறுத்திவைக்கத் தண்டவாளத்தை வண்டிக்கேற்பப் போட்டுக்கொள்ளலாம், தலைவலியில்லை. பின்னால் எங்காவது ஓட்டும் எண்ணம் இருந்தால் இதுவே முதல் கேள்வி. ஒன்டாரியோவின் ஹால்டன் கவுன்டி அருங்காட்சியகம் தன் தண்டவாளத்தையே டொரான்டோ அகலத்தில்தான் போட்டது. சான் பிரான்சிஸ்கோ பிலடெல்பியாவின் அகலப் பாதை வண்டிகளை வாங்கி, சக்கர அகலத்தை மாற்றி, 1995இல் மார்க்கெட் தெருவில் ஓடவிட்டது. அது ஒரு நகரத்தின் கஜானா செய்கிற வேலை.

படி 4: நேரில் பார்ப்பது

படத்தைப் பார்த்து வாங்கவே கூடாது. டார்ச், கூர்மையான ஸ்க்ரூ டிரைவர், பழைய உடுப்பு, முகமூடி. மழை பெய்த மறுநாள் போனால் உத்தமம், வண்டி தானே உண்மையைச் சொல்லிவிடும்.

வண்டிக்குப் பத்தடி தள்ளி, ஒரு முனையில் நின்று, ஜன்னலடிக் கோட்டை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கோடு நேராகப் போக வேண்டும். பழைய மர டிராம்களில் ஓட்டுநர் நிற்கும் முன்பின் மேடைகள் சக்கரங்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உத்திரம் தளர்ந்தால் இரு முனையும் தொங்கும், நடு முதுகு எழும்பும். இதை நிமிர்த்துவது முதல் வருட வேலை இல்லை.

அடுத்து உள்ளே. தண்ணீர் எங்கே புகும்? மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ட்ராலி கம்பம் கூரையில் பொருந்தும் இடம், கூரை விளிம்பு, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள். எங்கே போய்த் தேங்கும்? தூண்களின் அடி, படிக்கட்டுக் குழி, தரைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே. அங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், கெட்டது வெண்ணெய் மாதிரி வழிவிடும். எஃகு உடலானால் சக்கரத்துக்கு மேலும் படிகளைச் சுற்றியும் பாருங்கள். தகட்டின் மேல் புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், அடியில் பட்டி வைத்து மூடியிருப்பார்கள். காந்தம் கையில் இருந்தால் தெரிந்துவிடும், பட்டியில் அது ஒட்டாது.

கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) ஈயப் பெயின்ட்டும் பழைய டிராம்களில் சகஜம். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலர் பெட்டிக்குள், ஹீட்டருக்குப் பின்னால், பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை எதையும் சுரண்டாதீர்கள். ஈயப் பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது உங்கள் நுரையீரலோடு விளையாடுவது.

கீழே சக்கரங்களும் மோட்டார்களும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வெறும் உடலை மட்டும் விற்பதும் உண்டு. காட்சிக்கு அது போதும், லேசாகவும் இருக்கும்.

படி 5: காகிதம்

விற்பனைப் பத்திரத்தில் வண்டி எண், என்னென்ன பாகங்கள் சேர்த்தி, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், மறுபடி விற்கத் தடை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அகற்றும் செலவு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான். வரைபடம், பராமரிப்புப் பதிவேடு இருந்தால் கெஞ்சிக் கேட்டாவது வாங்குங்கள். டிப்போவைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

படி 6: கொண்டுவருவது

நாலு அச்சு வண்டி சுமார் 14, 15 மீட்டர் நீளமும் 15 முதல் 23 டன் எடையும் இருக்கும். தாழ்வான தளமுள்ள டிரெய்லரும், தண்டவாள வண்டிகளைத் தூக்கிப் பழகிய ஆட்களும் வேண்டும். வழியை ஒருமுறை நீங்களே போய் அளந்து பாருங்கள்: டிரெய்லர் மேல் ஏறிய டிராமின் உயரம், பாலங்கள், மின்கம்பிகள், கடைசித் திருப்பம். பெரும்பாலும் சிக்குவது உங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள அந்தக் கடைசித் திருப்பத்தில்தான்.

தூக்கும்போது வடத்தை நடு உடலில் போடவிடாதீர்கள். போகியின் (அச்சும் சக்கரங்களும் பொருந்திய அடிவண்டி) மேல் உட்காரும் குறுக்குச் சட்டத்துக்கு அடியில்தான் பலம். போகி இல்லாத உடலைக் கட்டைமேல் வைக்கும்போதும் அதே இரண்டு இடங்களில்தான் வைக்க வேண்டும். தவறான இடத்தில் முட்டுக் கொடுத்தால் உடல் வளையும், கண்ணாடிகள் தானாக விரியும்.

தண்டவாளத்தில் சிறிது தூரம் இழுப்பதானாலும் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடுங்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழலும், அதுவே மின்சாரத்தை உண்டாக்கலாம். அதனால் மோட்டார் சுற்றைத் துண்டித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

படி 7: முதல் ஆறு மாதம்

கழற்றாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. வந்த வாரமே ஆர்வத்தில் இருக்கை, ஜன்னல், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து எது எங்கே இருந்தது என்று தெரியாமல் விற்றுவிட்டுப் போனவர்கள் நிறைய.

முதலில் படம் எடுங்கள், ஒவ்வொரு மூலையையும், ஒவ்வொரு எழுத்தையும், ஒட்டிய அறிவிப்புகளையும். அப்புறம் ஒழுகலை நிறுத்துங்கள். இருக்கைக்கடியில் சேர்ந்த இலை தழை, எலிக்கூடு, ஈரத் தூசி எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். குப்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கழற்றியே ஆக வேண்டிய பாகத்துக்கு எண் போட்ட சீட்டு கட்டி, திருகுகளை அதே எண்ணுள்ள பையில் போடுங்கள்.

பெயின்ட் பற்றி ஒன்று. மறைவான இடத்தில், ஈயம் இல்லை என்று உறுதியான பிறகு, ஈர உப்புத்தாளால் கையகல வட்டமாகத் தேய்த்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி பழைய நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைப் படம் எடுத்து, அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்துவிட்டு மற்றதற்குப் பூசுங்கள். எந்தக் காலத்து நிறம் வேண்டும் என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

படி 8: மின்சாரம்

காட்சி வண்டியில் விளக்கு எரிய வேண்டுமென்றால் குறைந்த அழுத்த எல்இடி தனிச்சுற்றாகப் போட்டுவிடுங்கள், பழைய கம்பிகளைத் தொட வேண்டாம். மோட்டாருக்கு உயிர் கொடுக்க நினைத்தால் நேராக 600 வோல்ட் கொடுக்கவே கூடாது. வருடக்கணக்கில் ஈரம் குடித்த சுருள் அந்த நொடியே எரியும். மெதுவான சூட்டில் நாள்கணக்கில் காயவைத்து, மெக்கர் என்ற கருவி வைத்துக் காப்புத்தடையை (சுருளின் காப்பு மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை) அளக்க வேண்டும். பழைய சுருள்களுக்குக் கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மெகா ஓம் குறைந்தபட்ச அளவு, அதாவது 600 வோல்ட்டுக்கு (0.6 கிலோவோல்ட்) 1.6. இது இழுவை மோட்டார் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. வீட்டு வயரிங் அனுபவம் இதற்கு உதவாது.

கூரை போட்டு, வண்டி வந்து, எல்லாம் ஒழுங்கான பிறகு முதல் பெருமழை வரும். அந்த இரவு டார்ச்சோடு உள்ளே போய்க் கால்மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். எங்கே சொட்டுகிறது என்று காது சொல்லும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்துவிட்டு வந்து தூங்குங்கள், காலையில் அடைக்கலாம்.