ஆட்டோமேடிக் காரில் மலை இறங்குவது எப்படி: கூட்டல், கழித்தல் குறிகளின் பயன்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறில் காரை நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் ஏதோ கருகிய நெடி. முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. வாங்கி நான்கு மாதமே ஆன ஆட்டோமேடிக் கார். 'டி'யில் (டிரைவ்) போட்டுவிட்டு இரண்டு பெடலை மாற்றி மாற்றி மிதிப்பதுதான் ஓட்டுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். கடைசி இரண்டு வளைவுகளில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. பின் சீட்டில் அம்மாவும் மகளும்.

பழக்கடை ஓரம் நின்றிருந்த டூரிஸ்ட் வேன் டிரைவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்லதான் இறங்கணும்."

"இது ஆட்டோமேடிக் அண்ணே, கியர் அதுவா போட்டுக்கும்" என்றேன்.

குனிந்து உள்ளே பார்த்தவர் லீவருக்குப் பக்கத்தில் இருந்த கூட்டல், கழித்தல் குறிகளைக் காட்டினார். "அப்ப இது எதுக்கு?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. புதிதாக ஆட்டோமேடிக் வாங்கி, முதல்முறை மலையேறப் போகிறவர்களுக்காக அந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், சூடு எங்கே போகிறது?

குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் இந்த 1,500 மீட்டர் சொச்சம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 19 மெகாஜூல். அறைச் சூட்டில் உள்ள 65 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்?

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் உள்ளங்கை அளவுள்ள பிரேக் பேடும் டிஸ்க்கும் அத்தனையையும் வாங்குகின்றன. அளவுக்கு மீறிச் சூடானால் பேடின் பிடிமானம் குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியபின் இந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

பிரேக்குக்குப் பதிலாக எஞ்சினையே இந்த ஆற்றலை வாங்க வைக்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, பிஸ்டன்கள் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கத் திணறும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும், பிடியும் கூடும். இதில் உண்டாகும் சூட்டை ரேடியேட்டரும் சைலன்சரும் வெளியேற்றிவிடும். அவை அதற்காகவே இருப்பவை. டீசல் எஞ்சினில் இந்தக் காற்றடைப்பு பெரும்பாலும் இல்லாததால் பிடி வேறு மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்களில், எஞ்சின் சிறியது என்பதால், இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டி வரலாம்.

படி 1: உங்கள் கியர்பாக்ஸ் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் கணினியே மாற்றுவது), டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் திரவம் வழியே விசையைக் கடத்துவது), டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ளது) மூன்றிலும் பெரும்பாலான கார்களில் லீவரை 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளினால் கியர் உங்கள் கைக்கு வரும். மைனஸ் தட்டினால் ஒரு கியர் குறையும். எந்தப் பக்கம் தள்ளினால் மைனஸ் என்பது காருக்குக் கார் மாறும். வண்டி நின்றிருக்கும்போதே பார்த்துப் பழகுங்கள். ஸ்டீயரிங் பின்னால் பேடில் ஷிஃப்டர் (விரலால் தட்டும் சிறு பட்டை) இருந்தால் இடது பக்கம் மைனஸ். சிவிடியில் (பெல்ட்டும் கப்பியும் கொண்ட கியர்பாக்ஸ்) தனித்தனி கியரே கிடையாது. அதில் 'எல்' அல்லது 'எஸ்' இருந்தால் போடுங்கள். சிலவற்றில் பேடில் ஷிஃப்டரைத் தட்டினால் கியர் போலவே பிடிக்கும். ஹைப்ரிட் கார்களில் இந்த வேலைக்கு 'பி' (ஆங்கில B) இருக்கும்; பார்க்கிங்குக்கான 'பி' (P) வேறு.

மின்சாரக் காரில் ரீஜென் (வேகம் குறையும்போது கிடைக்கும் ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புவது) அளவைக் கூட்டினால் போதும். ஆனால் ஊட்டி ஓட்டலில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் ஆற்றலை வைக்க இடம் இருக்காது, பிடியும் குறைந்துவிடும்.

படி 2: சமதளத்தில் பழகுங்கள்

மலையில் முதல்முறை முயற்சி செய்ய வேண்டாம். கூட்டமில்லாத நேராகப் போகும் சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 50 கிலோமீட்டர் வேகத்தில் 'டி'யில் போங்கள். காலை எடுங்கள். வண்டி சும்மா உருண்டு போகும். மறுபடி அதே வேகத்துக்கு வந்து 'எம்' போட்டு, மூன்றாம் கியர் வரும்வரை மைனஸ் தட்டிவிட்டுக் காலை எடுங்கள். சின்ன பெட்ரோல் காரில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) முள் ஏறக்குறைய 2,400-க்கு வரும். யாரோ பின்னாலிருந்து மெதுவாக இழுப்பது போலத் தெரியும். 40-க்கு இறங்கியபின் இரண்டாம் கியர் தட்டிப் பாருங்கள். சத்தம் கூடும், இழுப்பும் கூடும். அந்தச் சத்தத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பழகுவதுதான் இந்தப் பாடத்தில் பாதி.

தவறாகத் தட்டிவிட்டால் எஞ்சின் உடையுமா என்று கேட்கிறார்கள். வேகம் அதிகமாக இருக்கும்போது முதல் கியர் கேட்டால் கியர்பாக்ஸ் கணினி மறுத்துவிடும். பல கார்களில் ஒரு 'பீப்' சத்தத்தோடு எச்சரிக்கை வரும்.

படி 3: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. வேகம் ஏறியபிறகு கியர் தேடக் கூடாது. குன்னூர் தாண்டி முதல் இறக்கம் கண்ணில் படும்போதே வேகத்தைக் குறைத்து மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: காலை எடுத்தபின் வேகம் ஏறுகிறதா? ஏறினால் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு மைனஸ். வேகம் ஒரே அளவில் நின்றால் அதுதான் அந்தச் சரிவுக்கான கியர். இந்தச் சாலையில் பெரும்பகுதி இரண்டாம் கியர்தான் கேட்கும். 30-லிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் 2,000-க்கும் 3,000-க்கும் இடையில் நிற்கும். எஞ்சினுக்கு இது சாதாரணமான ஓட்டம்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜம் நேர்மாறு. கியரில் காலை எடுத்து இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும். தயவுசெய்து மலையில் நியூட்ரலைத் தொடாதீர்கள்.

படி 4: பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, முழுதாக விடுங்கள்

கியரில் இறங்கினாலும் பிரேக் தேவைப்படும். பிடிக்கும் விதம்தான் வேறு. லேசாக மிதித்தபடியே ஒரு கிலோமீட்டர் போவது பேடைச் சுட வைக்கும். வளைவுக்கு முன்னால் நேர் சாலையில் இரண்டு மூன்று வினாடி அழுத்தமாகப் பிடித்து, தேவையான வேகத்துக்கு வந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அடுத்த வளைவு வரும்வரை டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும்.

குன்னூர் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கியர் குறைப்பதை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை நாளில் வளைவின் நடுவே மைனஸ் தட்டினால் முன் சக்கரம் வழுக்கலாம். கீழிருந்து ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நில்லுங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊர்ந்து போகும் வேகத்துக்கு வந்துவிட்டால் எஞ்சின் அணையாமலிருக்க கிளட்ச் தானாகவே விடுபடும். அந்த நொடியில் எஞ்சின் பிடி இருக்காது, வண்டி திடீரென்று அவிழ்த்துவிட்டது போல முன்னால் உருளும். கொண்டை ஊசியில் இது நடக்கும் என்று எதிர்பார்த்து, கால் பிரேக் பெடலுக்கு மேலே, மிதிக்காமல், தயாராக இருக்கட்டும்.

கியரில் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. யாராவது ஒட்டி வந்தால் பெடலை ஒரு தட்டு தட்டி விளக்கைக் காட்டுங்கள். சில கார்களில் உள்ள ஹில் டிசென்ட் கன்ட்ரோலை (சரிவில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதி) நம்பி இறங்க வேண்டாம். அது பெரும்பாலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. கரடுமுரடான குறுகிய சரிவுக்கானது அது.

பேட் எவ்வளவு மிச்சமாகும்?

நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் மைனஸ் தட்டி பேடை மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். கிளட்சோடும் கியர்பாக்ஸோடும் ஒப்பிட்டால் மலிவு. சமதளத்தில் 'டி'யிலேயே ஓட்டுங்கள், முன்கூட்டியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், அது போதும். மலையில் தேய்மானம் குறைவது உண்மைதான். ஆனால் நான் கியரில் இறங்குவது குறுக்கே ஒரு மாடு வந்தால் பிடிக்கிற அந்த ஒரு பிரேக் சூடாகாமல், முழுப் பலத்தோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

கிளம்பும் முன் பேட் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புதியதில் பத்து மில்லிமீட்டரையொட்டி இருக்கும். மூன்றுக்கு வந்திருந்தால் மாற்றிவிட்டே மலையேறுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

நெடி வந்துவிட்டால்

பெடல் ஆழமாகப் போனாலோ கருகிய நெடி வந்தாலோ, கியரை உடனே குறைத்து, முதல் அகலமான சமதளத்தில் நிறுத்துங்கள். பார்க்கிங்குக்கான 'பி' (P) இருந்தால் அதில் போடுங்கள். ஏஎம்டியில் இந்த 'பி' (P) இருக்காது, அதனால் எஞ்சினைக் கியரிலேயே அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூட்டில் கோணிக்கொள்ளலாம், விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது காத்திருங்கள். பெடலை மிதித்துப் பார்க்கும்போது பழைய உறுதி வரவில்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பர்லியாறில் ஒரு முறை நிறுத்துங்கள். மங்குஸ்தான் விற்கும் பருவமாக இருந்தால் வாங்கிக்கொண்டு, முன் சக்கரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள். அனல் அடித்தால், ஆறவிட்டு, கல்லாறு வரை மிச்சமிருக்கும் வளைவுகளுக்கு இன்னும் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.