முதன்முறையாக லேனில் சிலுவைப்பாதை நடத்துகிறவர்களுக்கு

தவக்காலம் தொடங்கியதும் எங்களிடம் வழமையாக வரும் கேள்வி இது: "எங்கள் லேனிலும் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?" கொட்டாஞ்சேனையில் எங்கள் அன்பியம், அதாவது பங்கின் அயல்வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு, சில வருடங்களாக இதை நடத்திவருகிறது. கோயிலுக்குள் செய்வதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தால் பல இடங்களில் சிக்கும். அந்தச் சிக்கல்களை எப்படி அவிழ்த்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஆண்டவருடைய பாடுகளை நினைத்து நின்று செபிக்கும் பதினான்கு நிலைகள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன செபம் என்பதெல்லாம் உங்கள் செபப்புத்தகத்தில் இருக்கிறது. அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலுவைப்பாதையில் நடைதான் முக்கியம். எருசலேமுக்குப் போய் ஆண்டவர் நடந்த வழியில் நடக்க முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே நடப்பதற்காக வளர்ந்த பக்தி முயற்சி இது. கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் 1342 முதல் எருசலேமின் புனித இடங்களைக் காத்துவரும் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள்தான் இதை உலகமெங்கும் பரப்பினார்கள். 1686இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட் அவர்களுடைய கோயில்களில் நிலைகளை நிறுவ அனுமதித்தார். 1731இல் பன்னிரண்டாம் கிளமென்ட் அந்த அனுமதியை எல்லாக் கோயில்களுக்கும் கொடுத்து, நிலைகள் பதினான்கு என்று உறுதிப்படுத்தினார். பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கத் திருச்சபை தரும் பரிபூரண பலனுக்கான ஒழுங்கிலும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர வேண்டும் என்றே இருக்கிறது. ஆகவே நேரம் போதாவிட்டால் வார்த்தைகளைக் குறையுங்கள். நடையைக் குறைக்காதீர்கள்.

படி 1: நாளும் அனுமதியும்

பங்குத்தந்தையிடம் போய்க் கதைப்பதுதான் முதல் வேலை. பெரிய வெள்ளி பிற்பகல் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளின் வழிபாடு நடக்கும். அதோடு மோதுகிற எந்த நேரத்தையும் கேட்காதீர்கள். எங்களுக்குப் பிடித்தது குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை. பெரிய வாரத்தின் பரபரப்பு இன்னும் தொடங்கியிருக்காது, ஃபாதரும் ஓரளவு ஓய்வாக இருப்பார்.

நேரம் 6.45. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பில் 6.15, 6.20 அளவில் பொழுது சாயும். வேலையால் வருகிறவர்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து சேரலாம். பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகையும் முடிந்திருக்கும். 2025இலும் 2026இலும் ரமழானும் தவக்காலமும் ஒன்றின்மேல் ஒன்று வந்தன. அப்படியான வருடங்களில் நோன்பு திறக்கும் நேரத்தில் லேன் முழுவதும் ஆட்கள் நிற்பார்கள். முன்கூட்டியே போய்ச் சொல்லிவைத்தால் எல்லாருக்கும் நிம்மதி.

ஒலிபெருக்கி வைப்பதானால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பங்குத்தந்தையின் கடிதத்தையும் பாதையின் சிறிய வரைபடத்தையும் கொண்டுபோங்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் பொலிஸுக்குச் சொல்லிவையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் நடந்த குண்டுத் தாக்குதலைக் கண்ட பகுதி இது. பிள்ளைகளும் முதியவர்களும் கூடுகிற இடத்தில் பாதுகாப்பை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாது. பைகளை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

படி 2: பாதையை அளப்பது

எல்லாரும் இங்கேதான் தடுமாறுவார்கள். பதினான்கு வீடுகளைத் தேடி, அவற்றைச் சம தூரத்தில் அமைக்கப் பார்ப்பார்கள். லேன் அதற்கு இடம் கொடுக்காது. ஓரிடத்தில் நான்கு வீடுகள் ஒட்டி நிற்கும், அப்புறம் ஒரு நீண்ட மதில், அதைத் தாண்டினால் வாகனம் திருத்தும் இடம்.

இதற்கு விடை எருசலேமிலேயே இருக்கிறது. அங்குள்ள துயரப்பாதையின் நீளம் ஏறத்தாழ 600 மீற்றர்தான். முதல் இரண்டு நிலைகளும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. பத்தாம் நிலை தொடங்கிப் பதினான்காம் நிலை வரை ஐந்துமே திருக்கல்லறைப் பேராலயத்துக்கு உள்ளே. அதாவது, தெருவில் வருவது ஒன்பது நிலைகள் மட்டுமே. நாங்களும் அப்படியே வைத்தோம். ஒன்பது வீட்டு வாசல்கள், கடைசி ஐந்துக்கும் ஒரு திறந்த வெளி. பாலர் பாடசாலை முற்றம், கோயில் வளவு, யாராவது தரும் வாகனத் தரிப்பிடம், எதுவானாலும் சரி. ஐந்து நிலைகளுக்கும் இடையில் பத்துப் பதினைந்து அடி இருந்தாலே போதும்.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பன்னிரண்டாம் நிலையில் ஆண்டவர் உயிர்விடும்போது எல்லாரும் முழந்தாளிட வேண்டும். தெருச் சந்தியில், பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடிக்கும்போது, அறுபது பேர் முழந்தாளிட்டு மௌனமாக இருக்கவே முடியாது. திறந்த வெளி என்றால் முடியும். பாதை முழுவதையும் பின்னிருந்து திட்டமிடுங்கள். பன்னிரண்டாம் நிலைக்கான இடத்தை முதலில் பிடித்துவிட்டு, அதிலிருந்து லேனின் மறுமுனைக்கு அளந்துகொண்டு போங்கள். லேன் குட்டையானால் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பலாம்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறிய மேசை, வெள்ளைத் துணி, பூ, விளக்கு, மரச்சிலுவை. படங்கள் இருந்தால் நல்லது, ஆனால் ஒழுங்கின்படி தேவையானவை பதினான்கு சிலுவைகளே. ஃபிளெக்ஸ் பதாகை அச்சடிப்பதை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. காற்றில் படபடக்கும், அடுத்த வருடம் பழையதாகிவிடும். இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்து ஆணியடித்த சிலுவை எத்தனை வருடமும் வரும். முதியவர்களும் நோயாளிகளும் இருக்கிற வீடுகளை முதலில் தேர்ந்தெடுங்கள். அவர்களால் எங்களோடு நடந்துவர முடியாது, ஆனால் அவர்கள் வாசலுக்கு ஆண்டவர் வருவார்.

ஆறாம் நிலை வீட்டில் குடிதண்ணீர் வையுங்கள். ஆண்டவருடைய முகத்தைத் துடைத்த வெரோனிக்காவின் நிலை அது. வியர்வை வழிய வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கப் தண்ணீர் கொடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஐந்தாம் நிலையில், ஆண்டவருக்குச் சிலுவை சுமக்க உதவிய சீரேன் ஊர்ச் சீமோனை நினைத்து, சிலுவையைத் தோள் மாற்றுங்கள். அதுவரை முன்னால் வராத ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

படி 3: இரண்டு மொழி

வடகொழும்பில் தமிழ்க் குடும்பமும் சிங்களக் குடும்பமும் ஒரே மதிலைப் பங்குபோட்டுக்கொண்டு இருக்கும். எல்லாவற்றையும் இரு மொழியிலும் வாசித்தால் என்னவாகும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு நிலைக்கு மூன்று நிமிடம் என்றால் பதினான்குக்கும் 42 நிமிடம். அதை இரட்டித்தால் 84. நடையையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

நாங்கள் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டோம். நிலையின் தலைப்பை மட்டும் இரு மொழியிலும் அறிவிப்போம். சிந்தனை ஒரு நிலையில் தமிழில், அடுத்த நிலையில் சிங்களத்தில். பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் அவரவர் மொழியில் எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்வோம். முதல் இரண்டு நிலைகளில் கொஞ்சம் குழம்பும், அப்புறம் பழகிவிடும். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று தமிழ்ப் பக்கம் சொல்லும்போது பக்கத்தில் சிங்களத்தில் அதே மன்றாட்டு எழுவதைக் கேட்க எனக்கு எப்போதும் நெஞ்சு நிறையும்.

நான்காம் நிலையை, தாய் மகனைச் சந்திக்கும் இடத்தை, ஒரு தாயிடம் வாசிக்கக் கொடுங்கள். 2019க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் அந்த நிலையைக் குரல் தழுதழுக்காமல் வாசிப்பது எவருக்கும் எளிதல்ல. அவசரப்படுத்தாதீர்கள்.

வாசகங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பார்கள். போதாது. ஃபோனைத் திறந்தால் அதில் வேறு செய்தியும் வரும், முகங்களிலும் வெளிச்சம் அடிக்கும்.

படி 4: பின்வரிசைக்குக் கேட்க வைப்பது

இதற்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெட்டோம். அறுபது பேர் இருவர் இருவராக நடந்தால் வரிசை முப்பது மீற்றர் நீளும். ஸ்பீக்கர் முன்னால், சிலுவையோடு போகும். முன்னால் நிற்பவர்கள் பதில் சொல்லி முடிக்கும்போது பின்னால் நிற்பவர்கள் தொடங்குவார்கள். இன்னும் பின்னால் இருப்பவர்கள் கேட்காததால் மெல்லக் கதைக்கத் தொடங்குவார்கள். ஏழாம் நிலைக்குள் வரிசை இரண்டாக உடைந்துவிடும்.

ஒலியைக் கூட்டுவது தீர்வல்ல. வீடுகளுக்குள் இருக்கும் மக்களைத்தான் அது தொந்தரவு செய்யும். செய்ய வேண்டியவை இவை.

ஸ்பீக்கரை வரிசையின் நடுவில் வையுங்கள். மைக் முன்னால் இருக்கட்டும். கம்பியில்லா மைக்கானால் போதும், ஆனால் ஆட்கள் குறுக்கே நின்றால் அலை அறுந்து கரகரக்கும். ஆகவே ஸ்பீக்கரைத் தரையோடு இழுக்கும் தள்ளுவண்டியில் வைக்காமல் தோள் உயரத்தில் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பற்றரியில் ஓடும் சிறிய ஸ்பீக்கர் இதற்கு மிகப் பொருத்தம். ஓட்டோவின் கூரையில் கட்டும் பெரிய குழாய் ஸ்பீக்கரை லேனுக்குள் கொண்டுவராதீர்கள். இரு பக்க மதிலிலும் பட்டு எதிரொலிக்கும்.

இரண்டாவது, இதுதான் உண்மையான மருந்து: கடைசி ஆள் வந்து நின்ற பிறகுதான் அடுத்த நிலையைத் தொடங்க வேண்டும். வரிசையின் வாலில் பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள். அவர் வந்து சேர்ந்ததும் கையிலுள்ள விளக்கை உயர்த்துவார். அதைப் பார்க்காமல் முன்னால் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. அந்த இடைவெளியில் பாட்டின் ஒரு சரணம் பாடலாம், சும்மாவும் நிற்கலாம். முதலில் சங்கடமாக இருக்கும். இளைஞர்கள் "தொடங்குவோமா, தொடங்குவோமா" என்பார்கள். பொறுங்கள். பின்னால் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான். அவர்கள் மூச்சு வாங்கி நிற்பதற்குள் செபம் முடிந்துவிட்டால் அவர்கள் வந்ததில் என்ன பயன்?

நிலையில் வரிசையாக நிற்காமல் அரைவட்டமாகச் சேர்ந்து நின்றால் இன்னும் நல்லது. நாற்பது பேருக்குக் குறைவென்றால் இப்படி நின்று ஸ்பீக்கரே இல்லாமல் நடத்திவிடலாம். எனக்கு அதுதான் விருப்பம்.

படி 5: சிலுவை

எட்டடி நெடுமரம், ஐந்தடி குறுக்குமரம், நான்குக்கு மூன்று அங்குலம். பைன் மரமானால் ஏறக்குறைய 15 கிலோ வரும். பாரம் தோளில் தெரியும், ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையும் இன்னொருவர் துணையோடு சுமக்கலாம். தெர்மோகோலில் செய்து கபில நிறம் பூசுவதை ஏற்காதீர்கள். பாரமில்லாத சிலுவையைச் சுமப்பதில் அர்த்தமில்லை. இரு மரங்களையும் சந்திக்கும் இடத்தில் பாதிப் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, இரண்டு போல்ட் போட்டு முறுக்குங்கள். ஆணி மட்டும் அடித்தால் நடக்க நடக்க ஆடத் தொடங்கும். தோள்படும் இடத்தை மட்டும் நன்றாக உரசி மழமழப்பாக்குங்கள்.

பிற்சேர்க்கைகள்

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி: கடற்காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை என்கிறார். பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, வாய்ப்பகுதிக்குள் திரியைச் செருகுங்கள். சிறு பிள்ளைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.

மழை பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட இந்தக் காலத்தில் மாலை இடிமழை கொழும்பில் வழமை. ஸ்பீக்கருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, மின்னல் வந்தால் ஒதுங்க ஒரு மண்டபம், இரண்டையும் காலையிலேயே ஒழுங்குபண்ணிவிடுங்கள். மண்டபத்துக்குள் போனாலும் சிலுவையைத் தூக்குபவரும் முன்னிற்பவரும் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். எல்லாரும் நகர முடியாதபோது நடத்துபவராவது நகர்ந்தால் போதும் என்று ஒழுங்கிலேயே இருக்கிறது.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு: மாடிப்படியைப் பயன்படுத்துங்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகலாம், கடைசி ஐந்தும் மொட்டைமாடியில். கல்வாரிக்கு ஏறுவது போலவே இருக்கும். முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லிஃப்டை முதியவர்களுக்கு மட்டும் விடுங்கள்.

பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் தங்கள் வாசலிலும் மேசை வைக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் லேனில் எட்டாம் நிலை அப்படியான ஒரு வாசலில்தான். குத்துவிளக்கும் மல்லிகைச் சரமும் அவர்களே வைக்கிறார்கள். ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள்.

சிலுவையை வருடம் முழுவதும் எங்கே வைப்பது? போல்ட்டைக் கழற்றினால் இரண்டு மரமாகிவிடும். கோயில் களஞ்சிய அறையில், தரையில் படாமல் செங்கல்லின் மேல் வையுங்கள், கறையான் எளிதில் ஏறாது. போல்ட் இரண்டையும் ஒரு சீலைப்பையில் போட்டு அந்த மரத்திலேயே கட்டிவிடுங்கள்.